பலவகைக் குணத்தாரும் மதிக்கும் மேலாளர்

தொழிற்கடன் கேட்டு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளரின் பட்டறைக்கோ கிடங்கிற்கோ, ஒப்புதல் வழங்கும் முன் வங்கி அலுவலர் ஒருவர் நேரில் சென்று பார்ப்பது வழக்கம். இயந்திரங்கள் உள்ளனவா, சரக்கிருப்பு கணக்கோடு ஒத்துப்போகிறதா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பவை படிவத்தில் நிரப்ப வேண்டியவை. படிவத்தில் கட்டம் இல்லாத ஒன்றையும் நாங்கள் கவனிப்பதுண்டு. உரிமையாளர் எங்களுடன் உள்ளே நுழையும்போது அங்கு வேலை செய்வோர் என்ன செய்கிறார்கள் என்பதே அது. சில இடங்களில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். கைகள் வேகமாக இயங்கும். எவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். வேறு சில இடங்களில் வேலை அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் மட்டும் எழுந்து வந்து, "ஐயா, மூன்றாவது மெஷினில் பெல்ட் தேய்ந்துவிட்டது, இன்று மாலை வரை தாங்காது" என்பார். வெளியார் நிற்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. கடன் கணக்கு பின்னாளில் ஒழுங்காக நடக்கும் என்பதற்கு இது உறுதியான அடையாளம் அன்று. ஆயினும் இரண்டாம் வகை இடத்திலிருந்து திரும்பும்போது எங்கள் மனம் சற்று இலேசாக இருக்கும்.

முதல் இடத்தில் இருப்பது அச்சம். இரண்டாம் இடத்தில் இருப்பது மதிப்பு. முதலாளி கண்ணெதிரே இருக்கும் வரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவர் ஒரு வாரம் வெளியூர் சென்று திரும்பினால்தான் வேறுபாடு தெரியும். ஐந்து பேரையோ ஐம்பது பேரையோ வைத்துத் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலரும் எங்களிடம் மனம்விட்டுப் பேசும்போது வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாகக் குறைபடுவது ஆட்களைப் பற்றித்தான். "ஒருவனிடம் சொன்ன முறையில் இன்னொருவனிடம் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் வங்கிக் கிளைகளின் அனுபவம் அவர்களுக்கு ஓரளவு பயன்படக்கூடும் என்பதால் இக்கட்டுரை.

பொதுத்துறை வங்கியில் அலுவலராக இருப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் பெறுவது இயல்பு. புதிய ஊர், புதிய கிளை. சில நேரம் புதிய மொழி. அங்கே இருக்கும் ஊழியர்கள் எவரையும் அவர் தேர்ந்தெடுத்தவர் அல்லர். கலகலப்பானவர், வாய் திறவாதவர், எதற்கும் விதி எண் கேட்பவர், எல்லாவற்றையும் தாமே செய்ய முன்வருபவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டே உள்ளவர் என்று யார் யாரோ அமைந்திருப்பார்கள். குணத்துக்கேற்ற ஆளைப் பொறுக்கி எடுக்கும் வசதி கிளை மேலாளருக்கு இல்லை. தம் ஆட்களைத் தாமே சேர்த்துக்கொள்ளும் சிறு தொழில் முனைவோருக்கும் உண்மையில் அந்த வசதி குறைவே. அக்கம்பக்கத்தில் கிடைப்பவர், உறவினர் அனுப்பியவர், முன்பிருந்தவர் கைகாட்டியவர் என்றுதான் ஆட்கள் சேருகிறார்கள்.

மனிதர்களை அகநோக்கினர், புறநோக்கினர் என்று பகுத்துக் காட்டும் முறையை உளவியலறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. அதன் வழிவந்த வினாத்தாள்கள் இன்று பல நிறுவனங்களில் புழங்குகின்றன. பயிற்சி வகுப்புகளில் நாங்களும் அவற்றை நிரப்பியிருக்கிறோம். பொழுது நன்றாகப் போகும். ஆனால் "இவர் இன்ன வகை" என்று ஒருவர் நெற்றியில் முத்திரை குத்திவிட்டால், அதன்பின் அவரைக் கவனிப்பது நின்றுபோகிறது என்பது எங்கள் கருத்து. முகப்பில் வாயாடியாக இருப்பவர் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பதைக் கிளையில் எவரும் காணலாம். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்ததாகவே 'தெரிந்து வினையாடல்' என்ற அதிகாரத்தையும் வைத்தார். ஆளை ஆராய்ந்து நம்புவது வேறு, நம்பியபின் அவருக்கு ஏற்ற வேலையில் அமர்த்துவது வேறு என்னும் தெளிவு அந்த வரிசையிலேயே இருக்கிறது.

குணவேறுபாடுகள் மேலாளரிடம் எதை எதிர்பார்க்கின்றன என்பதை அறிய, அமைதியான நாட்களைவிட நெருக்கடியான நாட்களே உதவும். 2016 நவம்பர், டிசம்பர் மாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. மறுநாள் வங்கிகள் பொதுமக்களுக்கு மூடியிருந்தன. 10ஆம் நாள் கதவு திறந்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. நீங்கள் முகப்புக்கு வெளியே நின்றீர்கள்; நாங்கள் உள்ளே இருந்தோம். சனி, ஞாயிறும் வேலை நடந்தது. ஒருவர் மாற்றிக்கொள்ளக்கூடிய தொகை முதலில் 4,000 ரூபாய். சில நாட்களில் 4,500 ஆயிற்று. 18ஆம் நாள் முதல் 2,000 ஆகக் குறைந்தது. 24ஆம் நாளுடன் முகப்பில் மாற்றித் தருவதே நின்றது. இடையில் விரலில் மை வைக்கும் ஏற்பாடும் வந்தது. காலையில் வாடிக்கையாளரிடம் சொன்னது மாலையில் மாறிவிடக்கூடிய நாட்கள் அவை.

அந்த நாட்களில் கிளை மேலாளரிடம் ஒவ்வொருவரும் வேண்டியது ஒவ்வொன்று. வாய் பேசாத காசாளருக்குப் பாராட்டு மொழி தேவைப்படவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கே பேசாதிருக்க வேண்டும், மாலையில் ஒரு தாள் குறைந்தால், "எங்கே போயிற்று?" என்று உரக்கக் கேட்காமல் பக்கத்தில் அமர்ந்து இன்னொரு முறை எண்ணித் தர வேண்டும். அவ்வளவே அவர் மேலாளரிடம் எதிர்பார்த்தது. மக்களோடு பேசுவதில் மகிழும் எழுத்தருக்கோ, புதிய விதி எதுவாயினும் மற்றவர்க்கு முன் தமக்குத் தெரிய வேண்டும். வரிசையில் நிற்பவர் கைப்பேசியில் படித்துவிட்டு வந்து கேட்கும்போது விழித்து நிற்க நேர்வது அவருக்கு அவமானம். காலை பத்து நிமிடம் எல்லாரையும் கூட்டி அன்றைய உத்தரவைப் படித்துக் காட்டிய மேலாளருக்கு இத்தகையவர் நாள் முழுவதும் தோள்கொடுத்தார். எதையும் எழுத்தில் கேட்பவரைப் பல மேலாளர்கள் தொல்லையாகக் கருதுவது வழக்கம். "தொலைக்காட்சியில் சொன்னால் போதுமா? சுற்றறிக்கை எங்கே?" என்று அவர் கேட்ட கேள்வி அப்போது எரிச்சலூட்டியிருக்கும். ஆனால் விதிகள் அடுத்தடுத்து மாறிய அந்த வாரங்களில், எந்த நாளில் எந்த வரம்பு நடைமுறையில் இருந்தது என்று தேதிவாரியாகக் கோப்பு வைத்திருந்தவரும் அவரே. பின்னர் தணிக்கை வந்தபோது அக்கோப்பின் அருமை விளங்கியது. எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொள்ளும் இளைஞர் ஒருவரும் எந்தக் கிளையிலும் இருப்பார். அவரிடம் வேலை வாங்குவது எளிது. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதுதான் கடினம். களைத்த கண்ணோடு எண்ணிய கட்டில் பிழை நேர்ந்தால் அந்தத் தொகை அவர் சம்பளத்திலிருந்தே போகக்கூடும் என்பதை அறிந்து, கட்டாயப்படுத்தி அனுப்பிவைத்த மேலாளரை அவர் அன்று கோபித்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு வேறுபட்டவர்களும் ஒருமனதாகக் கவனித்த ஒன்று உண்டு. பின்கதவு வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்பது அது. மேலாளருக்கு வேண்டியவர், ஊரில் செல்வாக்குள்ளவர் எவரேனும் வரிசையில் நிற்காமல் அறைக்குள் வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போனால், அதைப் பார்த்த காசாளர் எதுவும் சொல்லமாட்டார். கலகலப்பானவர் நகைச்சுவையாக ஒரு வார்த்தை சொல்வார். விதி கேட்பவர் குறித்துவைத்துக்கொள்வார். மூவர் மனத்திலும் விழும் மதிப்பெண் ஒன்றே. குணத்துக்குக் குணம் பேசும் முறை மாறலாம். அளவுகோல் மாறினால் எந்தக் குணத்தவரும் பொறுப்பதில்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் வங்கி நடைமுறை ஒன்றை வாடிக்கையாளர்கள் அதிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டாய விடுப்பு என்பது அதன் பெயர். கரன்சி செஸ்ட், நிதி முதலீட்டுப் பிரிவு போன்ற முக்கியமான பொறுப்புகளில் இருப்போர் ஆண்டுதோறும் குறைந்தது 10 வேலைநாட்கள் தொடர்ச்சியாக விடுப்பில் இருக்க வேண்டும். அதுவும் முன்னறிவிப்பு இன்றி அனுப்பப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தல் கூறுகிறது. எந்தெந்தப் பொறுப்புகள் இதில் அடங்கும் என்பதை ஒவ்வொரு வங்கியும் வகுத்துக்கொள்கிறது. விடுப்பு நாட்களில் பொதுவான மின்னஞ்சல் தவிர, வேலை தொடர்பான எதையும் அவர் தொடக் கூடாது. காரணம் எளியது. ஒருவர் இருக்கையில் பத்து நாள் வேறொருவர் அமர்ந்தால், மறைந்திருக்கும் தவறு ஏதேனும் இருந்தால் வெளிவந்துவிடும்.

இருபது ஆண்டு அப்பழுக்கற்ற பணி செய்த ஒருவரை அழைத்து, "நாளை முதல் நீங்கள் வர வேண்டாம், சாவியை இவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் வேலை மேலாளருடையது. விதி ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்கும் காதுகள் வெவ்வேறு. மனத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் ஒருவர் அன்றிரவு உறங்கமாட்டார்; நம்மீது ஐயம் வந்துவிட்டது என்று வீட்டிலும் சொல்லாமல் தவிப்பார். அவரிடம் இதைத் தனியே, அமர வைத்து, விதியின் நோக்கத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்ற பட்டியலையும் காட்ட வேண்டும். வாதிடும் இயல்புடையவரிடம் நீண்ட விளக்கம் வீண். அறிவுறுத்தலின் நகலைக் கையில் கொடுத்தால் போதும்; படித்துவிட்டு, "சரி" என்பார். விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் அவருக்கு ஐயம் எழும். "நான் இல்லாவிட்டால் இந்தக் கிளை நடக்காது" என்று நம்புகிறவர் மிகவும் புண்படுவார். பத்து நாள் கிளை நடந்துவிடும் என்பதே அவருக்கு அடி. அவரிடம் போகும்போது அடுத்து அமரப்போகிறவருக்கு வேலையை எழுதிவைத்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று தோன்றும். முன்னறிவிப்பு கூடாது என்பதால் அதற்கும் வழியில்லை. திரும்பி வந்த முதல் நாளில், அவர் இல்லாதபோது தேங்கியது எது, தடுமாறியது எது என்று மறைக்காமல் சொல்லிக் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இதில் மேலாளரின் மதிப்பைத் தீர்மானிக்கும் இடங்கள் இரண்டு. தமக்கு நெருக்கமான ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே காதில் போட்டுவைத்தாரா என்பது ஒன்று. விடுப்பில் இருப்பவரை மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கோப்பு எங்கே?" என்று கேட்டாரா என்பது மற்றொன்று. இரண்டையும் கிளை முழுவதும் அறிந்துகொள்ளும். எப்படி என்று கேட்காதீர்கள், அறிந்துகொள்ளும்.

பாராட்டும் கண்டிப்பும் பற்றி மேலாண்மை நூல்கள் சொல்லும் பொதுவிதி ஒன்று உண்டு: பாராட்டைப் பலர் முன் சொல், கண்டிப்பைத் தனியே சொல். பின்பாதி எங்கும் பொருந்தும். முன்பாதியில் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. கூச்ச இயல்புடைய பெண் ஊழியர் ஒருவரை ஆண்டு விழா மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினால், அந்த ஐந்து நிமிடம் அவருக்குத் தண்டனை. அவர் தயாரித்த அறிக்கையின் ஓரத்தில், "இரண்டாம் பக்கத்தில் நீங்கள் கண்டுபிடித்த வேறுபாட்டால் தொகை தப்பியது" என்று கைப்பட எழுதி அனுப்பினால் அந்தத் தாளை அவர் பத்திரப்படுத்தி வைப்பார். மேடையை விரும்புகிறவருக்கு மேடையைக் கொடுங்கள், அதில் குற்றமில்லை.

வயதில் மூத்தவரைக் கீழே வைத்து வேலை வாங்குவது நம் நாட்டில் தனிச் சங்கடம். முப்பது வயது மேலாளர், ஐம்பத்தெட்டு வயதுக் காசாளரிடம் ஆணையிட வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாளில் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைந்தபோது இச்சங்கடம் இரட்டிப்பாயிற்று. நேற்று வரை வேறொரு வங்கியின் பெயர்ப்பலகையின் கீழ் இருந்தவர், இன்று புதிய மென்பொருளையும் புதிய படிவங்களையும் தம்மைவிட இளையவரிடம் கற்க வேண்டியிருந்தது. "எங்கள் வங்கியில் இதை இப்படிச் செய்வோம்" என்ற சொற்றொடர் அப்போது கிளைகளில் நாளுக்குப் பலமுறை ஒலித்தது. "இனி உங்கள் வங்கி என்று ஒன்றில்லை" என்று வெடுக்கென்று சொன்னவர்களும் உண்டு. "அங்கே எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டவர்களும் உண்டு. பின்னவரிடம் மூத்தவர்கள் சீக்கிரம் புதியதைக் கற்றுக்கொண்டார்கள். கேட்டறிந்த பழைய முறையை ஏற்க வேண்டிய தேவைகூட எழவில்லை. கேட்டதே போதுமானதாக இருந்தது. வடமாநிலத்திலிருந்து தமிழகக் கிளைக்கு வந்த மேலாளர் தப்பும் தவறுமாக, "சாப்பிட்டீங்களா?" என்று கடைநிலை ஊழியரைக் கேட்பதும், இங்கிருந்து ஒடிசாவுக்கோ பீகாருக்கோ சென்ற நம்மவர் அவ்வூர் மொழியில் நாலு வார்த்தை கற்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

வணிகவியல் படித்தவர்கள் என்பதால் பணத்தின் பக்கமும் எங்கள் பார்வை செல்வது இயல்பு. முதலாளி இனிமையாகப் பேசுகிறாரா, கடுமையாகப் பேசுகிறாரா என்பதில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கும். சம்பளம் சொன்ன தேதியில் வந்ததா என்பதில் கருத்துக்கே இடமில்லை. 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுவாகத் தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம் செய்து, அதே அளவு தம் பங்கையும் சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். முன்பெல்லாம் அது செலுத்தப்பட்டதா என்று தொழிலாளிக்கு உடனே தெரிய வழியில்லை. இப்போது அவருடைய பதிவேட்டை அவரே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். பிடித்ததைக் கட்டாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்ட முதலாளி தீபாவளிக்கு எவ்வளவு பெரிய இனிப்புப் பெட்டி கொடுத்தாலும், வாய் பேசாத அந்தக் கணக்குக்காரத் தொழிலாளி பெட்டியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிடுவார். அவர் ஏன் போனார் என்பது முதலாளிக்குக் கடைசி வரை விளங்காது. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற பேச்சும் இப்படித்தான். கூடுதல் நேரம் வேலை கேட்கும்போது மட்டும் அது நினைவுக்கு வந்தால், சூது அறியாதவர்கூட அதன் பொருளைப் புரிந்துகொள்வார்.

குடும்பத் தொழில்களில் மகனோ மகளோ பொறுப்பேற்கும் வேளையில் எங்கள் கிளைகளுக்கு ஒரு வேலை வருகிறது. நடப்புக் கணக்கில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரை மாற்ற வேண்டும். கூட்டாண்மைப் பத்திரம், அடையாளச் சான்று, புதிய மாதிரிக் கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தால் சில நாட்களில் முடிந்துவிடும். பட்டறையில் அது முடியச் சில ஆண்டுகள் ஆகின்றன. அரைக்கால் சட்டையோடு அங்கே ஓடி விளையாடியதைப் பார்த்த மூத்த மேஸ்திரி, மேலாண்மைப் பட்டத்தோடு வரும் அந்தப் பிள்ளையைத் "தம்பி" என்றே அழைப்பார். இளையவர்கள் பலர் முதலில் மாற்ற முனைவது அந்த அழைப்பை. அதை விட்டுவிடுவதே நல்லது என்பது நாங்கள் பார்த்தவற்றிலிருந்து சொல்லக்கூடியது. மேஸ்திரி "தம்பி" என்று அழைத்துக்கொண்டே, "இந்த ஆர்டரை அந்த விலைக்கு எடுக்க வேண்டாம்" என்று சொல்லக்கூடியவராக இருந்தால், அது பட்டறைக்கு ஆதாயம். அவர் "சார்" என்று மாறிய நாளிலிருந்து விலையைப் பற்றிப் பேசாமல் போய்விட்டால், அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் அது எந்தத் தலைப்பிலும் தனியே தெரியாது. சரக்குக்கடன் புதுப்பிக்க வரும்போது இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே, "பழைய மேஸ்திரி இன்னும் இருக்கிறாரா?" என்று நாங்கள் கேட்பது வெறும் குசலம் விசாரிப்பதற்காக அன்று.